7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமா, .300 வின்செஸ்டர் மேக்னமா? எல்க் வேட்டைக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டார். நண்பரின் .30-06 துப்பாக்கியில் அட்டையில் சுட்டுப் பழகியிருக்கிறார். அடுத்த பருவத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வேண்டும். ஒரு கடைக்காரர் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்கிறார், இன்னொருவர் .300 வின்செஸ்டர் மேக்னம்தான் என்று அடித்துச் சொல்கிறார். பின்னாளில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பவும் அவருக்கு ஆசை. எதை வாங்குவது?

உங்களுக்கு 7 மி.மீ. ரெமிங்டன்தான் என்பது என் பதில். 160 கிரெயின் எடையில் உறுதியாகக் கட்டிய குண்டு போடுங்கள். அலாஸ்காவில் மூஸ் என்ற ராட்சத மான், பழுப்புக் கரடி என்று திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் .300 பக்கம் போங்கள். ஆனால் இந்த இரண்டு தோட்டாக்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சின்னது. எந்தக் குண்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், விசையை இழுக்கும் நொடியில் உங்கள் தோள் என்ன செய்கிறது, இந்த இரண்டும் அதைவிடப் பல மடங்கு பெரிது. கடைக்காரர்கள் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பேச்சு குழம்பாமல் இருக்க ஒரு வார்த்தை. நான் தோட்டா என்று சொல்வது முழு உருப்படியை. அதில் குழலைவிட்டுப் பறந்து போவது குண்டு. பித்தளையால் ஆனது கூடு. உள்ளே இருப்பது மருந்து. அடியில் தீப்பொறி தருவது பிரைமர். கூடு மேலே குறுகும் சரிவு தோள், அதற்கு மேல் குண்டைப் பிடித்திருக்கும் பகுதி கழுத்து. .300, .338 போன்ற பெயர்கள் குண்டின் குறுக்களவை அங்குலத்தில் தோராயமாகச் சொல்பவை. எடையெல்லாம் கிரெயினில் வரும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 160 கிரெயின் என்றால் பத்து கிராமுக்குச் சற்று மேல்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம் 1912இல் .375 தோட்டாவைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டின் தோள் நீளமாகச் சரிந்து போகும். சரிவான தோளை நம்பித் தோட்டாவைத் துப்பாக்கியின் அறையில் சரியான ஆழத்தில் நிறுத்துவது கடினம் என்பதால், கூட்டின் அடிப்பக்கத்தில் வளையம் மாதிரி ஒரு மேடு வைத்தார்கள். அதைத்தான் பெல்ட் என்கிறோம். பெல்ட் இருப்பதால் கூடு பலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது தோட்டாவை நிறுத்தும் தடுப்பு, அவ்வளவுதான். 1925இல் அதே குடும்பத்தில் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வந்தது. 1935இல் அமெரிக்காவின் கேம்ப் பெரியில் நடந்த 1000 கெஜ விம்பிள்டன் கோப்பைப் போட்டியை அந்தத் தோட்டாவால் பென் கம்ஃபர்ட் வென்றபின் அமெரிக்கர்களுக்கு அதன் மேல் மோகம் பிடித்தது. ஆனால் தோட்டா நீளமானது; அதற்கு நீளமான துப்பாக்கி இயக்கம் (தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்ட கூட்டை வெளியே எடுக்கும் பகுதி) வேண்டும், விலையும் கூடும்.

அந்தக் கூட்டை வெட்டிக் குட்டையாக்கி, .30-06 போகும் சாதாரண நீளத் துப்பாக்கியிலேயே அடக்கலாம் என்று வின்செஸ்டர் 1956இல் .458ஐக் கொண்டுவந்தது. 1958இல் .338, .264 இரண்டும் வந்தன. எல்லாம் 2.5 அங்குலக் கூடு. அதே கூட்டில் அடுத்து ஒரு .30 வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பொறுமையில்லாதவர்கள் .338இன் கழுத்தைச் சுருக்கித் தாங்களே செய்துகொண்டார்கள். சுவீடனின் நார்மா 1960இல் கிட்டத்தட்ட அதையே .308 நார்மா மேக்னம் என்று விற்றது. ரெமிங்டனோ 1962இல் மாடல் 700 துப்பாக்கியோடு 7 மி.மீ. மேக்னத்தை இறக்கியது. நல்ல துப்பாக்கி, நியாயமான விலை, தட்டையான பாதை. .264இன் வியாபாரம் அதோடு படுத்துவிட்டது. வின்செஸ்டர் 1963இல்தான் .300ஐக் கொண்டுவந்தது. கூட்டை 2.62 அங்குலமாக நீட்டி, தோளை முன்னே தள்ளி, உள்ளே இடத்தைக் கூட்டினார்கள். அதற்கு விலையாகக் கழுத்து குட்டையானது. இந்தக் குட்டைக் கழுத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கணக்கு. 7 மி.மீ. தோட்டாவில் 160 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2950 அடி வேகத்தில் கிளம்பும். .300இல் 180 கிரெயின் குண்டு 2960 அடி வேகத்தில். இரண்டுக்கும் நாஸ்லர் நிறுவனத்தின் பார்டிஷன் வகைக் குண்டையே எடுத்துக்கொண்டால், காற்றைக் கிழிக்கும் திறனைச் சொல்லும் எண் ஒன்றுக்கு .475, இன்னொன்றுக்கு .474. வேகமும் ஒன்று, காற்றில் நழுவும் திறனும் ஒன்று என்றால் பாதையும் ஒன்றுதான். 200 கெஜத்தில் மையத்தில் படும்படி குறியை அமைத்தால் 300 கெஜத்தில் இரண்டும் ஆறு ஏழு அங்குலம் இறங்கும், 400 கெஜத்தில் சுமார் 19 அங்குலம். மணிக்குப் பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று 400 கெஜத்தில் இரண்டையும் ஏறத்தாழ ஓரடி தள்ளும். ".300 தட்டையாகப் போகும்" என்று ஒருவரும் "7தான் தட்டை" என்று இன்னொருவரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரே தன்மையுள்ள குண்டுகளை ஒப்பிட்டால் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும்.

குண்டின் குறுக்களவில் ஒன்று .284 அங்குலம், மற்றது .308. வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர். எல்க்கின் நுரையீரலில் குண்டு காளான் மாதிரி விரிந்த பிறகு அந்த 0.6 மில்லிமீட்டரை யாரும் அளந்து காட்ட முடியாது. குறுக்களவுக்கு ஏற்ற எடை என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளே எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம். 7இன் 160 கிரெயினுக்கு அது .283, .300இன் 180 கிரெயினுக்கு .271. மெல்லியதுதான் கொஞ்சம் முன்னே நிற்கிறது. ஆற்றலில் .300 மேலே: குழல் வாயில் சுமார் 3500 அடி-பவுண்டு, 7க்குச் சுமார் 3090. எல்க் சுடக் கொலராடோ மாநிலம் கேட்பது குறைந்தது .24 அளவு, 85 கிரெயின் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு. இரண்டு தோட்டாக்களும் அந்த எல்லைக்கு வெகு உயரத்தில் இருக்கின்றன.

அப்படியானால் .300க்கு உண்மையான மேன்மை எங்கே? கனமான குண்டில். 200 கிரெயினைச் சுமார் 2800 அடி வேகத்தில் தள்ள அதனால் முடியும். மூஸ், கரடி போன்ற தடித்த உடம்புகளில், கோணம் சரியில்லாமல் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு போக வேண்டிய இடத்தில், அந்தக் கூடுதல் எடைக்கு அர்த்தம் இருக்கிறது. 7 மி.மீட்டரில் வழக்கமான வேட்டைக் குண்டு 175 கிரெயினோடு நின்றுவிடும். உங்கள் வேட்டை எல்க், மியூல் மான் என்றால் உங்களுக்கு அந்தத் தேவை வராது.

சரி, சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளில் மோதும் உதைக்கு வருவோம். எட்டரைப் பவுண்டுத் துப்பாக்கியில் 7 மி.மீ. ஏறத்தாழ 20 அடி-பவுண்டு உதைக்கும், .300 ஏறத்தாழ 25. கிட்டத்தட்டக் கால் பங்கு அதிகம். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது தோட்டா சுடும்போது தோள் சொல்லும். மலையேறுகிறவர்கள் விரும்பி வாங்கும் ஏழு பவுண்டுக்கும் குறைவான இலகுத் துப்பாக்கியில் இது இன்னும் மோசம்.

நான் முதலில் வாங்கியது .300. இரண்டு பருவம் அதோடு நடந்தேன். பயிற்சி மைதானத்தில் 200 கெஜத்தில் என் துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறின. குறி பார்க்கும் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன், தோட்டாவைச் சந்தேகப்பட்டேன். அங்கே வழக்கமாக வரும் ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். பிறகு, "நான் தோட்டா போட்டுக் கொடுக்கிறேன், நீங்கள் சுட்டால் மட்டும் போதும்" என்றார். மூன்றாவது முறை அவர் வைத்தது மருந்தில்லாத போலித் தோட்டா. எனக்குத் தெரியாது. விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த அமைதியில் குழலின் முனை நான்கு விரற்கடை கீழே குனிந்ததை நானே பார்த்தேன். என் கண் இறுக மூடியிருந்து திறந்தது. துப்பாக்கி உதைக்கும் என்று உடம்பு முன்கூட்டியே பதறிக் குழலைத் தள்ளியிருக்கிறது. உண்மைத் தோட்டாவாக இருந்திருந்தால் அந்தக் குனிவை வெடிச்சத்தம் மறைத்திருக்கும்; நான் மறுபடியும் ஸ்கோப்பைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

அதே ஆள், அதே கை, அடுத்த வருடம் 7 மி.மீ. ரெமிங்டனோடு 200 கெஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் சுட்டேன். அதில் தோட்டாவின் மகிமை ஒன்றுமில்லை. என் உடம்பு பயப்படாமல் தாங்கும் உதை எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். சிலருக்கு .300 பழகிவிடும். அவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். உங்கள் அளவைப் போலித் தோட்டா வைத்துக் கண்டுபிடியுங்கள்; வாய்ப்பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு துப்பாக்கிகளையும் இரவல் வாங்கியாவது சுட்டுப் பாருங்கள். இரண்டுமே கனமாகத் தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நண்பரின் .30-06 180 கிரெயினை 2700 அடி வேகத்தில் அனுப்புகிறது. 300 கெஜத்துக்குள் எல்க்குக்கு அது தாராளம்.

வயிற்றில் குண்டு பட்ட எல்க் மைல் கணக்கில் ஓடும். இரவெல்லாம் துடித்துச் சாகும், பல சமயம் கிடைக்கவே கிடைக்காது. ஓர் ஆண் எல்க் எழுநூறு பவுண்டு, அதாவது முந்நூறு கிலோவுக்கு மேல். இவ்வளவு பெரிய உயிரை எடுக்க முடிவுசெய்துவிட்டால், முன்னங்காலுக்குப் பின்னே நுரையீரலும் இதயமும் இருக்கும் அந்த இடத்தில் குண்டை வைக்கும் கடமை நமக்கு உண்டு. உதையைப் பற்றி நான் இவ்வளவு நேரம் பேசியது இதற்காகத்தான்.

அடுத்தது குண்டு. மேக்னம் தோட்டாவில் குண்டின் கட்டுமானம் மிக முக்கியம், ஏனென்றால் வேகம் அதிகம். சாதாரண ஈயக் குண்டு 2900 அடி வேகத்தில் நூறு கெஜத்துக்குள் தோள் எலும்பில் மோதினால் சில சமயம் சிதறிவிடும். மேலே பெரிய காயம், உள்ளே போகாது. ஜான் நாஸ்லருக்கு 1946இல் கனடாவில் ஒரு மூஸ் வேட்டையில் நடந்தது அதுதான். குண்டுகள் உள்ளே போகவில்லை. அவர் ஊருக்குத் திரும்பி, குண்டின் நடுவில் ஒரு செப்புச் சுவர் வைத்து முன்பாதியையும் பின்பாதியையும் பிரித்தார். முன்பாதி விரியும், பின்பாதி சிதறாமல் துளைத்துக்கொண்டு போகும். பார்டிஷன் குண்டு அது. எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியும் இன்றும் விற்கிறது.

அதற்குப் பிறகு ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டிய குண்டுகள் வந்தன: நாஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம். முழுக்கச் செம்பாலான பார்ன்ஸ் குண்டுகள் இன்னொரு வழி. செம்பு ஈயத்தைவிட இலேசானது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். எடை உதிராமல் உள்ளே போவதால் ஒரு படி இலகுவானது போதும்: 7இல் 140, 150 கிரெயின்; .300இல் 165 அல்லது 180. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயத்துகள் கலந்த குடலைத் தின்று காண்டர் கழுகுகள் சாவது அதற்கு முக்கியக் காரணம். வீட்டில் குழந்தைகள் சாப்பிடும் இறைச்சி என்பதால் நான் சட்டம் இல்லாத இடத்திலும் செம்புக்கு மாறிவிட்டேன்.

இனி வீட்டில் நிரப்பும் வேலை, அதாவது சுட்ட கூட்டுக்குப் புது பிரைமர், மருந்து, குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குவது. இதில் முதல் எதிரி அந்தப் பெல்ட். இரண்டு தோட்டாக்களுக்கும் பொது என்பதால் இதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் தெரியாமல் இறங்கினால் கூடு பிளக்கும்.

தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் பெல்ட் உட்காரும் இடத்தைத்தான் கவனமாக அளந்து வெட்டுவார்கள். தோளுக்கு முன்னே தாராளமாக இடம் விட்டுவிடுவார்கள். முதல் தடவை சுடும்போது கூட்டின் தோள் அந்த வெற்றிடத்தை நோக்கி முன்னே பாயும். அடிப்பகுதி பின்னே இருக்கும். நடுவில் பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். ஒரு தடவை மெலிந்தால் பரவாயில்லை. நாம் என்ன செய்கிறோம் என்றால், சுட்ட கூட்டை அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் அச்சை (டை), அதோடு வந்த தாளில் சொன்னபடி அடிவரை திருகி, அந்தத் தோளை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறோம். அடுத்த சூட்டில் அது மறுபடி பாய்கிறது, மறுபடி மெலிகிறது.

எனக்கு நடந்தது நான்காவது தடவையில். சுட்ட கூட்டை எடுத்து வெயிலில் திருப்பினேன். பெல்ட்டுக்கு மேலே கால் அங்குலத்தில் ஒரு மெல்லிய பளபளப்பான வளையம், தங்க நூல் சுற்றின மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு உரசி இழுத்தேன். பளபளப்பு இருந்த அதே இடத்தில் கொக்கி 'டொக்' என்று விழுந்தது. உள்ளே பள்ளம். இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சுவர் அந்த இடத்தில் மட்டும் தகடு மாதிரி மெலிந்திருந்தது. இன்னொரு தடவை சுட்டிருந்தால் கூடு இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு, அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட் வழியாக என் முகத்துக்கு வந்திருக்கலாம். அந்தத் தொகுதி முழுவதையும் நசுக்கிப் போட்டேன்.

வைத்தியம் எளிது. பெல்ட்டை மறந்துவிடுங்கள், கூட்டைத் தோளால் நிறுத்துங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள்வரை, காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் மாட்டும் அளவியால் அளந்துகொள்ளுங்கள். அச்சைச் சிறிது சிறிதாக இறக்கி, தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்வாங்கும்படி நிறுத்துங்கள். ஒரு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. கூடு அறைக்குள் தடையில்லாமல் போக அது போதும். இதைச் செய்த பிறகு என் கூடுகள் ஏழெட்டு முறை நிற்கின்றன. அப்போதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மருந்து போடுவேன். நீளத்தையும் பார்க்க வேண்டும்: 7க்கு உச்சம் 2.500 அங்குலம், வெட்ட வேண்டியது 2.490; .300க்கு 2.620, வெட்ட வேண்டியது 2.610.

.300இன் குட்டைக் கழுத்தைப் பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். கழுத்தின் நீளம் .264 அங்குலம், குண்டின் குறுக்களவைவிடக் குறைவு. கழுத்து குண்டின் குறுக்களவு அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது பழைய நிரப்புபவர்களின் கணக்கு. சரியாகப் பிடித்து நிறுத்தாது, குறி தவறும் என்பார்கள். என் அனுபவத்தில் அந்தப் பயம் மிகை. குறி தவறும் தோட்டா என்றால் நீண்ட தூரப் போட்டிகளில் இத்தனை வருடம் இது நின்றிருக்காது. உண்மையான தொல்லை வேறு. முழுத் தோட்டாவின் நீளம் 3.340 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும், அதைத் தாண்டினால் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் இறங்காது. நீளமான 200 கிரெயின் குண்டை அந்த அளவுக்கு உள்ளே தள்ளினால் அதன் பின்பகுதி கழுத்தைத் தாண்டி மருந்து இருக்க வேண்டிய இடத்தில் உட்காரும். 7க்கு உச்ச நீளம் 3.290. அதிலும் 175 கிரெயின் நீளக் குண்டுகளுக்கு இதே கதைதான், கொஞ்சம் குறைவாக.

மருந்து எவ்வளவு என்று நான் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அந்த எண்ணை மருந்து செய்பவர், குண்டு செய்பவர் அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். கீழ் எல்லையில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். எந்த மருந்து வகை என்று மட்டும் சொல்லலாம். பெரிய கூடு, சின்ன வாய் என்பதால் மெதுவாக எரிவது வேண்டும். இந்தப் பழக்கத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 20 மி.மீ. பீரங்கிக்குச் செய்த 4831 என்ற மருந்து மிச்சமாகிக் கிடந்தது. புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கி நிரப்புபவர்களுக்கு மலிவாக விற்றார். மேக்னம் தோட்டாக்கள் வீட்டு மேஜைகளில் பரவ அது பெரிய காரணம்.

அதே 4831இல் ஒரு கண்ணியும் இருக்கிறது. எச்4831 என்பது ஒன்று, ஐஎம்ஆர் 4831 என்பது வேறு. எண் ஒன்று, எரியும் வேகம் வேறு. ஐஎம்ஆர் வேகமாக எரியும். எச்சுக்கு எழுதிய உச்ச அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 4350இலும் எச், ஐஎம்ஆர் என்று இரண்டு வேறு வேறு மருந்துகள் உண்டு. ஆகவே மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துக் குப்பிதான் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே குப்பியில் கொட்டி மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

அழுத்தத்தில் இரண்டுக்கும் விதித்த எல்லை ஒன்றல்ல. .300க்குச் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு, 7க்கு 61,000. ஒன்றின் பழக்கத்தை மற்றதற்குக் கொண்டுபோகாதீர்கள். பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளிச்சென்ற வட்டத் தழும்பு, போல்ட்டைத் தூக்கக் கை வலிப்பது எல்லாம் அபாய அடையாளங்கள். ஆனால் அவை பெரும்பாலும் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரியும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வாங்குங்கள். கையேடு சொல்லும் உச்ச வேகம் வந்துவிட்டால், பிரைமர் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது. கூடுதலாக வந்த ஒவ்வோர் அடியும் அழுத்தத்திலிருந்து வந்தது.

செலவுக் கணக்கில் 7 சற்றே சிக்கனம். அது அறுபது கிரெயின் சொச்சம் தின்னும், .300 எழுபது சொச்சம். ஒரு பவுண்டு மருந்தில் முதலாவது சுமார் 110 தோட்டா வரும், இரண்டாவது 95 சொச்சம். வெப்பம் இரண்டு குழலையுமே அரிக்கும். மூன்று சுட்டால் குழல் ஆறும்வரை காத்திருங்கள்.

வேறு மேக்னம்கள்? .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் 2001இல் வந்தது, பெல்ட் கிடையாது, குட்டை இயக்கத்தில் அடங்கும், 180 கிரெயினைப் பெரிய அண்ணனின் வேகத்திலேயே அனுப்பும். நிரப்புபவருக்கு அருமையான தோட்டா. மேகசினில் சில சமயம் சிக்கும் என்பதும், சின்ன ஊர்க் கடைகளில் கிடைக்காது என்பதும் குறை. .300 வெதர்பி, .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னம் இரண்டும் 180 கிரெயினை 3200 அடிக்கு மேல் தள்ளும், அதற்கேற்ற உதையோடு. முதல் துப்பாக்கியாக இவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புதிதாக வந்தவற்றில் 2018இன் .300 பிஆர்சியும் 2022இன் 7 மி.மீ. பிஆர்சியும் யோசித்துச் செய்யப்பட்டவை. பெல்ட் இல்லை, நீளமான குண்டுகளுக்கு இடம் இருக்கிறது, குண்டைச் சுழற்றும் குழலின் உள்முறுக்கும் அதற்கேற்ப வேகமானது. இன்று வெற்றுத்தாளில் தொடங்கினால் 7 மி.மீ. பிஆர்சியைத்தான் நானும் வரைவேன். ஆனால் கன்னிசன், கிரெய்க் மாதிரி மலையோர ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டோம் என்று தெரிந்தால், அங்குள்ள கடையில் அறுபது வருடப் பழைய இந்த இரண்டும் இருக்கும். எனக்கு இன்னும் அது பெரிய விஷயம்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க மத்தியச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியான மறுநாள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கும். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. கடைக்குப் போகும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இது தகவலாக மட்டுமே பயன்படும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை.

வாங்கும்போது எட்டுப் பவுண்டுக்குக் குறையாத துப்பாக்கி, 24 அல்லது 26 அங்குலக் குழல் பாருங்கள். குழலைக் குட்டையாக்கினால் இந்தத் தோட்டாக்களுக்கு வேகமும் போகும், சத்தமும் கூடும். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கோப்பும், காதுக்கு உள்ளே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் வாங்குங்கள். கோடை முழுவதும் உதை குறைந்த .22 துப்பாக்கியில் பழகி, வாரம் ஒருமுறை மட்டும் பெரிய துப்பாக்கியில் பதினைந்து தோட்டா சுடுங்கள், நடுவில் யாரையாவது போலித் தோட்டா கலக்கச் சொல்லுங்கள். அட்டையில் சுடும்போது மண்டியிட்டு, உட்கார்ந்து, முதுகுப்பை மேல் சாய்த்து என்று மலையில் அமையும் எல்லா நிலைகளிலும் சுட்டுப் பாருங்கள்.

முதல் பெட்டி தோட்டாக்களின் கூடுகளை மைதானத்தில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இருபதையும் பொறுக்கி, எத்தனை முறை சுட்டது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். உங்கள் துப்பாக்கி அறையின் தோள் எங்கே இருக்கிறது என்ற அளவு அந்தக் கூடுகளில்தான் இருக்கிறது. நிரப்ப உட்காரும் நாளில் முதலில் காலிப்பரில் வைக்க வேண்டியது அவற்றைத்தான்.